சென்னியப்பன் காவல் நின்ற கதவு

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற பாதையில் பாதித் தூரத்தில் இருக்கிறது கள்ளியம்பதி. அந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் இரண்டே பேர். மூத்தவர் சென்னியப்பன். இளையவன் கருப்புசாமி. சென்னியப்பன் மதராஸ் ரெஜிமெண்டில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு எழுபத்து மூன்றில் ஊர் திரும்பினார். கருப்புசாமி திரும்பவில்லை. எழுபத்தொன்று டிசம்பர்ச் சண்டையில் மேற்கு எல்லையில் செத்துப்போனான். உடலும் வரவில்லை. அவனுடைய டிரங்குப் பெட்டி மட்டும் ரயிலில் வந்தது.

சென்னியப்பனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: அச்சில் வந்ததை அவர் அப்படியே நம்புவார். அந்தப் பழக்கம் எல்லையில் வந்தது. பனியில் மாதக்கணக்கில் கிடக்கும்போது எப்போதாவது ஒரு தமிழ்ப் பேப்பர் வந்து சேரும். வாரக்கணக்கில் பழசாகி, நாலாக மடித்த இடமெல்லாம் கிழிந்து வரும் அதை, கை மாற்றிக் கை மாற்றிப் பட்டாளம் முழுக்கப் படிக்கும். ஊரோடு அவர்களுக்கு இருந்த ஒரே கயிறு அது. திரும்பி வந்த பிறகும் காலையில் பேப்பர் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஊரில் இருக்கிற நாளெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கும் சேர்த்துச் சத்தமாகப் படிப்பார். யாராவது சந்தேகம் கிளப்பினால், "பேப்பர்லயே போட்டிருக்கறாங்கொ" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சர்க்கார் மேலும் அவருக்கு அதே நம்பிக்கைதான். பூட்ஸ் வரும் என்று சொன்னால் பட்டாளத்தில் பூட்ஸ் வந்தது. லீவு உண்டு என்றால் உண்டு. சொன்ன சொல்லுக்கும் நடக்கிற காரியத்துக்கும் நடுவே வேறு ஏதாவது இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பே வரவில்லை.

கருப்புசாமியின் மனைவி நாச்சம்மாளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு பெண் குழந்தை. தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்துக்கொண்டு இருந்தாள். கடலைக்காட்டில் கூலி வேலை. அவளுக்கு ஒரு வீடு கட்டித் தர வேண்டும் என்று முதலில் பேச்செடுத்தவர் ஆறுச்சாமி. கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவர். கட்சியிலும் பெரிய ஆள். பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வீரன் குடும்பத்துக்கு வீடு என்று அவர் ஒரு கமிட்டி போட்டதும் ஊரே கொடுத்தது. கொடுக்க ஒன்றும் இல்லாத கிழவிகள்கூடக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். சர்க்காரும் ஒரு பங்கு கொடுப்பதாகச் சொல்லி, பஞ்சாயத்துப் புறம்போக்கில் இடமும் ஒதுக்கியது.

சென்னியப்பன் அந்தச் சமயத்தில் கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். வாரம் ஒருமுறைதான் வருவார். வரும்போதெல்லாம் பாதையிலிருந்தே பார்ப்பார். சுற்றிலும் தென்னந்தட்டி அடைத்திருந்தது. தட்டிக்கு மேலே சுவர் எழும்புவது தெரிந்தது. பிறகு ஓடு தெரிந்தது. கொத்தனார்கள் வெளியூர் ஆட்கள். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நாள் கேட்டதற்கு ஆறுச்சாமி சிரித்தார்.

"மந்திரி வந்து தெறக்கட்டுமுங்க. அதுவரைக்கும் கண்ணு பட வேண்டாம்."

எழுபத்து நாலு தை மாதம் மந்திரி வந்தார். கிழக்குக் காற்று பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்த சாயங்காலம். சென்னியப்பனைப் பட்டாள உடுப்பில் வரும்படி ஆறுச்சாமி சொல்லியிருந்தார். அவரும் பஞ்சாலையில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, கஞ்சி போட்டுத் தேய்த்த உடுப்பில், மெடல்களைக் குத்திக்கொண்டு போனார். முன்பக்கத் தட்டியை மட்டும் எடுத்திருந்த வீட்டின் முன்னால், நீல வண்ணம் அடித்த பெரிய கதவுக்கு இடது பக்கம் அவரை நிறுத்தினார்கள். மந்திரி வர நேரமாகியது. அதுவரைக்கும் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். கருப்புசாமிக்காக நிற்கிறோம் என்று நினைத்தபோது கால் வலி தெரியவில்லை. மந்திரி ரிப்பன் வெட்டினார். நாச்சம்மாள் கையில் சாவி கொடுத்தார். சென்னியப்பன் சல்யூட் அடித்தார். போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்து மேடைக்குப் போனார்கள். அங்கே மந்திரி மலையாளத்தில் ரொம்ப நேரம் பேசினார். பேச்சின் நடுவில் கருப்புசாமி பெயரைச் சொன்னபோது நாச்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சப் போனார்கள். நாச்சம்மாள், அவள் பெண், சென்னியப்பன், பால் சொம்போடு அவர் மனைவி ராசம்மாள். நாச்சம்மாள் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். முடிச்சை அவிழ்த்து, படியைத் தொட்டுக் கும்பிட்டு, பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கடலைக்காடு இருந்தது.

பின்பக்கத் தட்டியை ராத்திரியே யாரோ பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். கடலை பிடுங்கிய வெறும் காடு. அதற்கப்பால் பனைமரங்கள். கதவுக்கு மேலே இரண்டு முழ அகலத்துக்கு மட்டும் ஓடு இறக்கியிருந்தார்கள். அந்த ஓட்டையும் சுவரையும் பின்னாலிருந்து சவுக்குக் கட்டைகள் முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தன. பக்கச் சுவர் இல்லை. பின்சுவர் இல்லை. தரைகூட இல்லை. ஒரு வெள்ளாடு சருகு மென்றுகொண்டே தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தது.

ராசம்மாள் பால் சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தாள், பிறகு கையில் எடுத்தாள். குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊடு எங்கம்மா?" என்றது. நாச்சம்மாள் கொஞ்ச நேரம் அந்தக் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டைப் போட்டுப் பூட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

"ஏனம்மிணி பூட்டற?" என்றார் சென்னியப்பன்.

"தெரியலீங்கண்ணா" என்றாள்.

சண்டையில் பக்கத்தில் நின்றவன் விழுந்தபோதுகூட அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. நேற்று முதுகுக்குப் பின்னால் இருந்தது இதுதான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. கதவிடுக்கில் கண்ணை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காவல் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

நேராக ஆறுச்சாமியின் மில்லுக்கு நடந்தார்.

"வாங்க ஹவில்தாரே, காப்பி சாப்புடுங்கொ" என்றார் ஆறுச்சாமி.

"ஊட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்களே."

"முன்பக்கம் முடிஞ்சிருச்சுங்களே. மந்திரி வர்ற தேதி திடீர்னு கெடச்சுது. அதை உட்டா மறுபடி எப்பக் கெடைக்கும்? மீதியப் பொறவு கட்டிக்கலாமுங்க."

"எப்பங்க?"

"கட்டலாமுங்க."

சென்னியப்பன் அவர் முகத்தையே பார்த்தார். ஆறுச்சாமி மழுப்பவில்லை, கோபப்படவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. இந்த வருஷம் மழை எப்படி என்று பேசுகிற மாதிரி பேசினார். பிடிபட்ட திருடன் முகத்தைச் சென்னியப்பன் பார்த்திருக்கிறார். அது வேறு. இந்த முகத்தை எதில் சேர்ப்பது என்றே அவருக்குப் புரியவில்லை. காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாட்டுவண்டி வந்து அந்தச் சுவர் முன்னால் நின்றது. வண்டிக்காரன் நல்லதம்பி பக்கத்து ஊர்க்காரன். கூட வந்த ஆட்கள் மேலே ஏறி ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். செய்தி தெரிந்து சென்னியப்பனும் நாச்சம்மாளும் ஓடினார்கள்.

"எதுக்கப்பா பிரிக்கறீங்க?"

நல்லதம்பி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "ஓடும் கதவும் வாடகைக்கு எடுத்ததுங்கண்ணா. பக்கத்துல சித்தூர்ல பழைய சாமான் கடை. விசேஷம் முடிஞ்சுதுன்னா திருப்பிக் குடுத்தரணும். எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுங்க."

சென்னியப்பன் கதவுக்கு முன்னால் போய் நின்றார். ஆட்கள் தயங்கினார்கள். அப்போது நாச்சம்மாள் பின்னாலிருந்து பேசினாள்.

"உட்டுருங்கண்ணா. அது அவிய பொருளு. நாம வெச்சுக்கிட்டா நல்லா இருக்காதுங்க."

கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். நல்லதம்பி வண்டியில் ஏறப் போனவன், திரும்பி வந்து ரொம்ப மெதுவாகக் கேட்டான்: "சாவிங்கக்கா?"

நாச்சம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் விழாச் செய்தி போட்ட பேப்பரும் வந்தது. சென்னியப்பன் டீக்கடையில் அதை விரித்தார். முக்கால் பக்கத்துக்குப் படம். மந்திரி சாவி கொடுக்கிறார், நாச்சம்மாள் வாங்குகிறாள், பக்கத்தில் அவரே சல்யூட் அடித்தபடி நிற்கிறார். வீரனின் மனைவிக்குப் புது வீடு என்று தலைப்பு. இரண்டு அறைகளும் காற்றோட்டமான சமையலறையும் முன்தாழ்வாரமும் கொண்ட அழகிய இல்லம் என்று கீழே அச்சடித்திருந்தது. டீக்கடையில் எல்லோரும் அவர் படிப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் மனதுக்குள் இரண்டு தடவை படித்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

அந்தப் பேப்பருக்குக் கொழிஞ்சாம்பாறையில் ஏஜெண்டும் நிருபரும் ஒருவரேதான். மிக்கேல்ராஜ். வாடகைச் சைக்கிள் கடையும் வைத்திருந்தார். சென்னியப்பன் போனபோது டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ரூமு, சமையக்கட்டுன்னு எழுதியிருக்கறயே தம்பி, உள்ள போய்ப் பாத்தியா?"

"மந்திரியே உள்ள போகலீங்கண்ணா. நான் எங்க போறது?"

"அப்ப எப்படி எழுதின?"

"ஆறுச்சாமி சொன்னாருங்க. கமிட்டித் தலைவரே சொல்றப்ப, போய் எட்டிப் பாத்துட்டு வந்தா எழுத முடியும்?"

சென்னியப்பன் அவரைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கள்ளியம்பதிக்கு மிதித்தார். மிக்கேல்ராஜ் கதவு இருந்த ஓட்டையின் முன்னால் நின்று அந்தப் பக்கம் பார்த்தார். போய்ச் சுவரின் பின்பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்தார். பூசாத செங்கல். "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். எழுதியும் அனுப்பினார். வரவில்லை. இன்னொரு தடவை எழுதினார். அதுவும் வரவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் சென்னியப்பன் ஒவ்வொரு பக்கமாகத் தேடுவார். சென்னை, டில்லி, சினிமா, கொலை, கடலை விலை எல்லாம் இருக்கும். கள்ளியம்பதி இருக்காது.

கடைசியில் அவரே கோயமுத்தூரில் பேப்பர் ஆபீசுக்குப் போனார். ஒரு துணை ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய்ப் பழைய பேப்பர்களைப் புரட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார்.

"இது நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க."

"மிலிட்டரிக்காரரு. மெடலெல்லாம் போட்டுக்கிட்டு நீங்களே சல்யூட் அடிச்சுட்டு நிக்கறீங்க. இந்தப் படத்தப் பாத்த ஜனங்ககிட்ட, அங்க ஊடே இல்லைன்னு நாளைக்கு எப்படிங்க சொல்றது? அப்பறம் எங்களை யாரு நம்புவாங்க?"

சென்னியப்பன் படத்தைப் பார்த்தார். அதில் நிற்கிற ஆள் எதையும் மறைப்பவனாகத் தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, அந்த வீட்டுக்கு உயிரையே ஜாமீன் கொடுப்பவன் மாதிரி நின்றான்.

"ஒருதடவை வந்து பாருங்க. நான் கூட்டிட்டுப் போறன்" என்றார்.

துணை ஆசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆறுச்சாமி எண்ணெய் மில் வெளம்பரம் வாராவாரம் நம்ம பேப்பர்ல வருது. பாத்திருப்பீங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

அன்றைக்குப் பேருந்தில் திரும்பும்போது கள்ளியம்பதியில் இறங்க வேண்டியதை அவர் கவனிக்கவே இல்லை. கண்டக்டர் கொழிஞ்சாம்பாறையில் தோளைத் தட்டி இறக்கிவிட்டார். அங்கிருந்து வெயிலில் ஊருக்கு நடந்து வந்தார். ராசம்மாள் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "என்னையே சாட்சியா வெச்சுட்டாங்க புள்ள" என்றார்.

ஆடி மாதக் காற்றில் அந்த ஒற்றைச் சுவர் விழுந்தது. முட்டுக் கட்டைகளை அதற்கு முன்பே யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது விழுந்த பிறகுதான் இன்னொன்று தெரிய வந்தது. ஏழைகளுக்குச் சர்க்கார் வீடு கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, சென்னியப்பன் நாச்சம்மாளை வில்லேஜ் ஆபீசரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஆபீசர் நல்ல மனுஷர்தான். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார்.

"இவர்க்கு வீடு கொடுத்தல்லோ. பத்ரத்தில் போட்டோ வந்நல்லோ."

பேப்பரில்தான் வந்தது, வீடு வரவில்லை என்று சென்னியப்பன் சொன்னார். முன்சுவர் மட்டும்தான் கட்டினார்கள், அதுவும் விழுந்துவிட்டது என்றார். ஆபீசர் நேரில் வந்து பார்த்தார். புறம்போக்கில் ஒரு குவியல் செங்கல் கிடந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போனார். வீடு காற்றில் இடிந்துவிட்டது, குடியிருந்தவர்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்று மேலே எழுதிவிட்டதாகப் பிறகு சொன்னார். ஒருமுறை வீடு வாங்கியவர்களுக்கு இன்னொன்று கிடையாதாம்.

ஆக, இல்லாத வீடு இப்போது சட்டப்படி இடிந்தும் போயிற்று. அதை இடித்த பழியும் நாச்சம்மாள் தலையில் விழுந்தது. சென்னியப்பன் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நாச்சம்மாள்தான் அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். அதுவரைக்கும் அவள் அவர் கையைத் தொட்டதில்லை.

"எந்திரிங்கண்ணா. நான் கொட்டகையிலயே இருந்துக்கறேன். உங்க ஒடம்பப் பாருங்க."

புரட்டாசியில் பஞ்சாலையில் லீவு சொல்லிவிட்டு, சென்னியப்பன் ஒரு மண்வெட்டியோடு அந்தப் புறம்போக்குக்குப் போனார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. செங்கல்லை ஒருபக்கம் அடுக்கிவிட்டு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார். ராசம்மாள் சோறு கொண்டுவந்தவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணை அள்ளிப் போட்டாள். மூன்றாம் நாள் நல்லதம்பி தன் வண்டியில் கல் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தோட்டைக் கழற்றிக் கொடுத்த கமலாத்தாள் என்கிற கிழவி தினமும் வந்து, மண் மிதிக்கிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மண்சுவர், பனையோலைக் கூரை, ஒரே அறை. தை பிறப்பதற்குள் முடிந்துவிட்டது.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு யாரும் அழைக்காமலே ஆறுச்சாமி வந்தார். கையில் மாலை. கூட ஒரு போட்டோக்காரர். ஆறுச்சாமி முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "நான் சொன்னனுங்களே, பொறவு கட்டிக்கலாம்னு" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சென்னியப்பன் முன்னால் ஒரு அடி வைத்தார். அதற்குள் நாச்சம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"படம் வேண்டாமுங்க. உள்ள வந்து ஒரு வாய் பால் குடிச்சுட்டுப் போங்கொ."

அவள் குரலில் கோபம் இல்லை. ஆறுச்சாமி உள்ளே எட்டிப் பார்த்தார். போகவில்லை. மாலையை வாசலில் கிடந்த கல்லின் மேல் வைத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த தேர்தலில் அவர் மச்சினன் ஜெயித்தான்.

அந்த வருஷம் நடுவில் எமர்ஜென்சி வந்தது. டீக்கடையில் வாய் திறக்கவே ஆட்கள் பயந்தார்கள். சென்னியப்பன் பேப்பர் வாங்குவதை விடவில்லை. ஆனால் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. அது முடிந்த எழுபத்தேழாம் வருஷம், ஒரு நாள் மிக்கேல்ராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார். கொஞ்சம் குதூகலமாக இருந்தார்.

"அண்ணா, சென்சார் போயிருச்சுங்க. இனி எல்லாத்தையும் எழுதலாம். அந்த ஊட்டு விஷயத்தச் சொல்லுங்க, எழுதறேன்."

சென்னியப்பன் கடலைக்கொடியை உதறிக்கொண்டிருந்தார். உதறுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"நான் உங்க ஆபீசுக்கு வந்தப்ப சென்சார் இல்லையே தம்பி."

மிக்கேல்ராஜ் சைக்கிளைக் கீழே சாய்த்தார். வரப்பில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். நாச்சம்மாள் கதவைப் பூட்டியதையும் சொன்னார். மிக்கேல்ராஜ் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

இந்தத் தடவை வந்தது. உள்பக்கத்தில், ஒரு லேகிய விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரி. வீட்டு நிதியில் குறை இருந்ததாக முன்னாள் ராணுவ வீரர் சின்னப்பன் கூறுகிறார் என்று போட்டிருந்தார்கள். ஊர் பெயரும் தப்பு. ஆறுச்சாமி பெயர் இல்லை. மந்திரி இல்லை. கதவு இல்லை.

சென்னியப்பன் பேப்பரை எடுத்துக்கொண்டு நாச்சம்மாள் வேலை செய்த காட்டுக்குப் போனார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கூட வேலை செய்தவர்களும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். அவர் வரப்பில் நின்று படித்தார். வெகு நாளைக்குப் பிறகு சத்தமாகப் படித்ததால் குரல் கரகரத்தது. படித்து முடித்ததும் அவள் இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

"அவ்வளவுதானுங்களாண்ணா?"

"அவ்வளவுதான் அம்மிணி."

"அவரு பேரு வந்திருக்குதுங்களா? எங்கூட்டுக்காரரு பேரு?"

சென்னியப்பன் மறுபடி பேப்பரைப் பார்த்தார். நாலு வரிதான். இருந்தும் ஒவ்வொரு வார்த்தையாக விரலை வைத்துத் தேடினார்.

"இல்லீம்மா" என்றார்.